எங்கள் வீட்டுப் பென்ஸ் லாரி: பழைய லாரியைக் குடும்பமாகச் சீர்செய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில், எங்கள் தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) 1967ஆம் ஆண்டு லாரி ஒன்று நிற்கிறது. என் அப்பாரு, அதாவது அப்பாவின் தந்தை, வாங்கி ஓட்டிய வண்டி. 1994இல் ஓட்டம் நின்றது. அதன் பிறகு இருபத்தைந்து ஆண்டுக்கும் மேல் புளியமரத்தடியில் கிடந்தது. நான்கு தலைமுறை சேர்ந்து மூன்றரை ஆண்டு உழைத்து அதை மீண்டும் ஓட வைத்தோம். பார்க்க வருபவர்களும், தங்கள் வீட்டில் இப்படி ஒரு வண்டி நிற்கிறது என்று தொலைபேசியில் பேசுபவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

டாடா லாரியை ஏன் பென்ஸ் லாரி என்கிறீர்கள்?

முன்னால் மூன்று முனை நட்சத்திரம் இருப்பதால்தான். டாடா நிறுவனமும் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் நிறுவனமும் 1954இல் கூட்டுச் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரிக்கத் தொடங்கின. அந்த ஒப்பந்தம் 15 ஆண்டு நீடித்து 1969இல் முடிந்தது. அதுவரை வந்த வண்டிகளில் பென்ஸ் நட்சத்திரம் இருந்தது. பிறகு நட்சத்திரம் போய் டாடாவின் சின்னம் வந்தது. ஆனால் எங்கள் பக்கத்து டிரைவர்கள் வாயில் பெயர் மாறவே இல்லை. நட்சத்திரம் இல்லாத டாடா லாரியையும் பென்ஸ் லாரி என்றே பல காலம் சொன்னார்கள்.

எங்களுடையது 1210 வகை. பென்ஸ் வழக்கப்படி முதல் இரண்டு இலக்கம் வண்டியும் சுமையும் சேர்ந்த எடையைக் குறிக்கும்: சுமார் 12 டன். அடுத்த இரண்டு இலக்கத்தைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய குதிரைத்திறன் வரும்: 100. இன்றைய லாரிகளோடு ஒப்பிட்டால் இது சிறிய சக்திதான். அந்தச் சக்தியை வைத்துக்கொண்டுதான் சேலத்து ஜவ்வரிசி மூட்டைகளை அப்பாரு பம்பாய் வரை கொண்டுபோய் இறக்கினார்.

கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே ஆக்கிவிட்டீர்களா?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இது. கம்பெனியிலிருந்து இந்த லாரி முழுதாக வரவே இல்லை என்பதுதான் பதில். அந்தக் காலத்தில் ஆலை கொடுத்தது சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்), இன்ஜின், சக்கரம், பானெட்டோடு கூடிய முன்முகம், ஸ்டியரிங், அவ்வளவுதான். கதவு இல்லை, கூரை இல்லை, இருக்கை இல்லை. டிரைவர் ஒரு மரப்பெட்டியைப் போட்டு அதில் உட்கார்ந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலிலும் மழையிலும் அந்த எலும்புக்கூட்டை ஊர் வரை ஓட்டி வருவார். கேபினையும் சுமை ஏற்றும் பாடியையும் இங்கே நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பட்டறைகளில் ஆசாரிமார்தான் கட்டினார்கள்.

ஆகவே கேபினுக்கென்று எந்த ஆலையிலும் வரைபடம் கிடையாது. ஒரு பட்டறையின் கேபின் இன்னொரு பட்டறையின் கேபினைப் போல இருக்காது. முதலாளி கொஞ்சம் உயரமானவராக இருந்தால் கூரை இரண்டு அங்குலம் ஏறும். வெளிநாட்டுக்காரர்கள் பழைய லாரியைச் சீர்செய்யும்போது ஆலையின் கையேட்டைத் திறந்து வைத்துக்கொள்கிறார்கள். எங்களுக்கு அந்த வசதி முன்முகத்தோடு முடிந்துபோயிற்று. மிச்சத்துக்கு வீட்டுப் புகைப்படங்களும் வீட்டுப் பெரியவர்களின் நினைவும்தான் கையேடு. இந்த வேலையைக் கூலிக்கு ஒப்படைக்காமல் குடும்பமாகச் செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். எவ்வளவு பெரிய மெக்கானிக்காக இருந்தாலும், உங்கள் தாத்தா எந்தப் பக்கம் தண்ணீர்ப் பானை வைத்திருந்தார் என்பது அவருக்குத் தெரியாது.

முதலில் எதைக் கழற்ற வேண்டும்?

எதையும் கழற்றாதீர்கள். முதலில் அளந்துகொள்ளுங்கள்.

நாங்கள் இங்கேதான் பெரிய தவறு செய்தோம். கேபினின் மரச்சட்டம் கரையான் அரித்து, கதவுத் தூண்கள் தொட்டால் உதிரும் நிலையில் இருந்தன. ஆர்வத்தில் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் பிரித்துக் குவித்து, மறுநாள் அடுப்புக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டோம். உளுத்த மரமாக இருந்தாலும் அளவு அதில்தானே இருந்தது? அதை நினைத்தால் இன்றும் மனம் கசக்கிறது.

மீட்டுக் கொடுத்தது ஒரே ஒரு புகைப்படம். லாரி வீட்டுக்கு வந்த நாளில் பூசை போட்டு எடுத்தது. மாலை போட்ட லாரிக்குப் பக்கத்தில் என் ஆத்தா, அதாவது அப்பாவின் தாய், நிற்கிறார், இடுப்பில் என் சித்தப்பா. படத்தில் தெரியும் சக்கரத்தின் ரிம் 20 அங்குலம் என்பது நமக்குத் தெரியும். அதை அளவுகோலாக வைத்து என் மகள் கூரை உயரம், கதவின் அகலம், கண்ணாடிச் சட்டத்தின் சாய்வு எல்லாவற்றையும் கணக்கிட்டாள். ஆனால் பக்கவாட்டு ஜன்னலின் அடி விளிம்பு மட்டும் மாலைக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

அப்போது தொண்ணூறு வயது ஆத்தா கட்டிலில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "உங்க அப்பாருக்கு வலது கை மட்டும் கன்னங்கரேல் என்று இருக்கும், கண்ணு. கதவின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டுதானே ஓட்டுவார்." அப்பாவுக்கு அப்பாருவின் உடல்வாகு. அவரை இருக்கை உயரத்துக்கு ஒரு பலகையில் உட்கார வைத்து, கையைத் தளர்வாக மடக்கச் சொல்லி, முழங்கையின் கீழ் ஆசாரி பென்சிலால் கோடு போட்டார். ஜன்னல் விளிம்பு அந்தக் கோட்டில்தான் இன்று இருக்கிறது. கேபினில் ஏறி உட்கார்பவர்கள் யாராக இருந்தாலும் கை தானாக அங்கே போய் அமர்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது: நான்கு பக்கமும் நின்று படம் எடுங்கள், டேப்பைப் பிடித்தபடியே எடுங்கள். பெரியவர்களைக் கூட்டி வந்து வண்டியைச் சுற்றி நடக்கவிட்டு, அவர்கள் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் தனித்தனி டப்பாவில் போட்டு, எங்கிருந்து வந்தது என்று எழுதி ஒட்டுங்கள்.

சேசிஸ் நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காதால். கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டிவிட்டு, சிறிய சுத்தியலால் நெடுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு மணிபோல ஒலிக்கும், துரு தின்ற இடம் மொத்தென்று ஒலிக்கும். அந்தக் காலத்துச் சேசிஸ் ரிவெட் அடித்துச் சேர்த்தது. ரிவெட்டின் ஒரு தலையில் விரலை வைத்துக்கொண்டு மறு தலையைத் தட்டுங்கள். தளர்ந்திருந்தால் விரலில் அதிர்வு தெரியும். ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் பிராக்கெட் பக்கத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று விளக்கு வைத்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் கண்ட இடத்தில் வெல்டிங் வைக்க விடாதீர்கள். சேசிஸின் மேல், கீழ் விளிம்புகளில் வைத்த வெல்டிங் பக்கத்திலேயே அடுத்த விரிசல் கிளம்பும். சேசிஸ் வேலை தெரிந்தவரைத் தேடிப் பிடியுங்கள்.

வண்டிக்கு அடியில் போகும்போது ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். ஜாக்கியால் தூக்கி, கனமான மரக்கட்டை கொடுத்து, பாரம் கட்டையில் இறங்கிய பிறகே உள்ளே போக வேண்டும்.

இத்தனை ஆண்டு நின்ற இன்ஜின் ஓடுமா?

பெரும்பாலும் ஓடும், நாம் அவசரப்படாமல் இருந்தால். பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரில் ஒட்டியிருக்கும்போது செல்ஃப் அடித்தால் ஏதாவது ஒன்று முறியும்.

நாங்கள் டீசலைப் பீய்ச்சும் ஆறு நாசில்களையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றி, துணியால் மூடி வைத்தோம். தினமும் மாலையில் கிராங்க் புல்லி நட்டில் நீளமான பைப்பை மாட்டி அப்பா மெல்ல அழுத்திப் பார்ப்பார். முரட்டுத்தனம் கூடாது, உள்ளங்கை அழுத்தம்தான். பன்னிரண்டாம் நாள் அது ஓர் அங்குலம் நகர்ந்தது. அப்பா பைப்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் ஆத்தாவிடம் சொல்லிவிட்டு வந்தார். வேறு யாரும் அன்றைக்கு அதைத் தொடவில்லை.

அதன் பிறகு எங்களுக்குத் தெரிந்த ஒரு பழைய மெக்கானிக் இன்ஜினைப் பிரித்தார். லைனர், பிஸ்டன், வளையங்கள், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டோம். கிராங்க் நல்ல நிலையில் இருந்தது, லேத் பட்டறையில் லேசாகத் தேய்த்ததோடு சரி. டீசல் பம்பை, எங்கள் பக்கம் மைகோ பம்பு என்பார்கள், வீட்டில் பிரிக்கவே கூடாது. அதற்கென்று பரிசோதனை மேசை வைத்திருக்கும் கடையில் கொடுத்து ஆறு வாய்க்கும் ஒரே அளவு டீசல் போகும்படி சரிசெய்து வாங்க வேண்டும். டேங்கை இறக்கிக் கழுவுவதும், டீசல் குழாயில் காற்று எடுப்பதும் வீட்டிலேயே செய்யலாம்.

முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது கையில் ஒரு தட்டையான பலகையோடு ஒருவர் நிற்க வேண்டும். டீசல் இன்ஜினுக்குத் தீப்பொறி கிடையாது. பம்பு திறந்தபடி சிக்கிக்கொண்டால் சாவியைத் திருப்பினாலும் நிற்காது, வேகம் ஏறிக்கொண்டே போய் உடைந்து சிதறும். காற்று போகும் வாயைப் பலகையால் அடைத்தால்தான் நிற்கும். கையால் அடைக்க முயலக் கூடாது. எங்களுக்கு அந்தப் பலகை தேவைப்படவில்லை, ஆனாலும் என் மைத்துனர் கடைசி வரை அதைக் கீழே வைக்கவில்லை.

உதிரி பாகங்கள் கிடைக்கின்றனவா?

நீங்கள் நினைப்பதைவிட எளிதாக. கூட்டு முடிந்த பிறகும் டாடா இதே வம்சத்து லாரிகளைப் பல்லாண்டு தயாரித்தது, அதனால் இன்ஜின், கியர் பாக்ஸ், பின் அச்சு ஹவுசிங் பாகங்கள் பலவும் பொருந்திப் போகின்றன. சென்னை புதுப்பேட்டையில் பொறுமையாகத் தேடினால் பழைய மீட்டரும் விளக்கு வளையமும்கூட அகப்படும். கையில் பழைய பாகத்தை எடுத்துக்கொண்டு போங்கள், பெயர் சொல்லிக் கேட்டு வாங்காதீர்கள். ஒரு கடையில் புதிது என்று கொடுத்த நாசில்கள் துடைத்துப் பளபளப்பாக்கிய பழையவை என்று பரிசோதனை மேசையில்தான் தெரிந்தது. நட்சத்திரம் மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. அது ஆத்தாவின் பெட்டியில், பட்டுத்துணிக்குள் இருந்தது. கழன்று விழுந்ததை அப்பாரு எடுத்துக் கொடுத்தாராம்.

மரவேலைக்கு ஆள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள், ஆனால் வேகமாகக் குறைந்துகொண்டு வருகிறார்கள். இன்று பட்டறைகளில் கேபின் சட்டம் இரும்புக் குழாயில் வெல்டிங் வைத்துக் கட்டுகிறார்கள், புது லாரிகள் ஆலையிலேயே கேபினோடு வருகின்றன. மரத்தில் கேபின் கட்டத் தெரிந்த ஒருவரைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஐந்து மாதம் பிடித்தது. எழுபதைத் தாண்டியவர். கண் சரியில்லை என்று முதலில் மறுத்தார். "நீங்கள் உட்கார்ந்து சொன்னால் போதும், நாங்கள் செய்கிறோம்" என்று அப்பா வேண்டிக்கொண்டதன் பேரில் வந்தார். வந்த மூன்றாம் நாளே இழைப்புளியைப் பையன்கள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

தூணுக்கும் சட்டத்துக்கும் வேங்கை, கதவுக்குத் தேக்கு. மூலைகளில் ஆணியை நம்பாமல் துளையும் கழுந்துமாகக் கோத்து, மேலே இரும்புப் பட்டை வைத்துப் போல்ட் போட்டார். ஏன் என்று கேட்டதற்குக் கிடைத்த விளக்கத்தை அப்படியே எழுதுகிறேன்: மேடுபள்ளத்தில் சேசிஸ் முறுக்கும், கேபினும் கூடவே கொஞ்சம் முறுக்கிக் கொடுக்க வேண்டும், இறுக ஆணியடித்தால் ஆணி மரத்தைத் தின்னும். மழைநீர் தேங்கித் தூணின் அடி உளுத்துப்போகாமல் இருக்கக் கதவின் கீழ்ச்சட்டத்தில் சிறு சரிவும் இரண்டு துளையும் விட்டார். எங்கள் பழைய கேபினில் அந்தத் துளை இருந்ததா என்று எனக்குத் தெரியாது, அதை எரித்துவிட்டோமே. இருந்திருக்கும் என்றே அவர் சொல்கிறார்.

உங்கள் ஊரில் இப்படி ஓர் ஆசாரி இருந்தால், இன்ஜினுக்குப் பணம் சேரும் வரை காத்திருக்காமல் கேபின் வேலையை முதலில் தொடங்குங்கள். லைனரும் பிஸ்டனும் அடுத்த ஆண்டும் கடையில் கிடைக்கும்.

நிறத்தை எப்படி முடிவு செய்தீர்கள்?

பின்பலகையைச் சுரண்டி. கிரைண்டர் போடாமல், தண்ணீர்விட்டு உப்புத்தாளால் ஒவ்வோர் அடுக்காகத் தேய்த்தோம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும், ஈரமாகத் தேய்த்தால் தூசு பறக்காது. மேலே பச்சை, அதற்குக் கீழே நீலம், அதற்கும் கீழே செங்காவி. செங்காவிக்கு மேல் மஞ்சள் எழுத்தின் விளிம்பு தெரிந்ததும் என் மகன் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கூவினான். ஈரத்துணியால் துடைக்கத் துடைக்க "மதராஸ் ஸ்டேட்" என்று எழுந்து வந்தது. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் சட்டப்படி வந்தது 1969 ஜனவரியில். அதற்கு முன் எழுதிய கை அது. அந்தப் பலகையின் மேல் நாங்கள் பெயிண்ட் அடிக்கவில்லை. நிறமற்ற வார்னிஷ் மட்டும் பூசி, அப்படியே மாட்டியிருக்கிறோம். மற்ற இடங்களுக்கெல்லாம் அதே செங்காவி. எழுத்துகளைக் கையால் எழுதும் ஓவியர்தான் எழுதினார், ஒட்டும் தாள் வேண்டாம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம்.

குழந்தைகளை எந்த வேலையில் சேர்க்கலாம்?

நிறைய வேலை உண்டு. போல்ட்டுகளைக் கழுவி அடுக்குவது, படம் எடுப்பது, கணக்கு எழுதுவது. நூல் சுற்றிய பழைய ஒயர்களைப் பார்த்து வரைபடம் போட்டுப் புது ஒயரிங் முழுவதையும் இழுத்தது பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள்தான், நான் கூட நின்று ஃபியூஸ் மட்டும் சரிபார்த்தேன்.

பிரேக் டிரம் பக்கமும் டயர் பக்கமும் அவர்களை விடாதீர்கள். பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கும். அந்தத் தூசைக் காற்றால் ஊதக் கூடாது, நனைத்துத் துடைத்து, துணியைக் கட்டிப் புதைக்கும் கழிவோடு சேர்க்க வேண்டும்.

டயர் விஷயத்தில் என்ன அவ்வளவு ஆபத்து?

இந்த லாரிகளின் ரிம் ஒரே துண்டு அல்ல. டயரை ரிம்மில் நிறுத்தி வைப்பது ஓர் இரும்பு வளையம். துருப்பிடித்த வளையம் காடியில் சரியாக உட்காராமல் இருந்து, காற்று ஏறும்போது தெறித்தால், எதிரில் இருப்பவர் பிழைப்பது அரிது. பஞ்சர் கடைகளில் இப்படி உயிர் போயிருக்கிறது.

கழற்றும் முன் வால்வின் உள்முள்ளை எடுத்துக் காற்றை முழுவதும் இறக்குங்கள். இரட்டைச் சக்கரமானால் இரண்டிலும். வளையத்தில் விரிசலோ வளைவோ இருந்தால் தூக்கி எறியுங்கள், அடித்து நிமிர்த்தாதீர்கள். காற்றடிக்கும்போது இரும்புக் கூண்டுக்குள் வையுங்கள், நீளமான குழாயை வால்வில் கவ்வ வைத்துவிட்டுப் பக்கவாட்டில் தள்ளி நில்லுங்கள். பார்க்க நன்றாக இருக்கிறது என்பதற்காக இருபது ஆண்டுப் பழைய டயரை வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

வீட்டில் சண்டை வரவில்லையா?

வந்தது. பவர் ஸ்டியரிங் போட வேண்டும் என்று சித்தப்பா, கூடாது என்று அப்பா. இரண்டு மாதம் பேச்சு வார்த்தை இல்லை. அப்பாவுக்கு எழுபது வயது, பெரிய ஸ்டியரிங்கை நின்ற இடத்தில் திருப்ப அவர் தோளால் முடியாது என்பது சித்தப்பாவின் கவலை. கடைசியில் முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னையும் அதன் புஷ்ஷையும் மாற்றி, கிரீஸ் ஏற்றி, டயர் காற்றைச் சரிசெய்தபோது ஸ்டியரிங் வியக்கும் அளவுக்கு இலகுவாகிவிட்டது. பழைய வண்டியின் கனம் என்று நாம் நினைப்பதில் பாதி, பராமரிப்பு இல்லாத கனம்தான்.

எவ்வளவு செலவானது?

எங்கள் கணக்கு நோட்டு 6 லட்சத்து 40 ஆயிரத்தில் நிற்கிறது. ஏறக்குறைய பாதி மரத்துக்கும் பாடி வேலைக்கும். இன்ஜின் இரண்டாவது. ஸ்டெப்னியோடு சேர்த்து ஏழு டயர் மூன்றாவது. வீட்டார் உழைப்பு இதில் சேரவில்லை. கடன் வாங்கிச் செய்யாதீர்கள், கையில் இருக்கும்போது செய்து இல்லாதபோது நிறுத்தி வையுங்கள். ஒரு மழைக்காலம் முழுவதும் நாங்கள் தார்ப்பாயைப் போர்த்திவிட்டுச் சும்மா இருந்தோம்.

சாலையில் ஓட்டலாமா?

இதில் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பழமையான வாகனங்களுக்கென்று ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. 50 ஆண்டைத் தாண்டி, அசல் வடிவம் மாறாமல் இருக்கும் வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட தனி எண் கிடைக்கும், புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 ஆண்டு செல்லும். ஆனால் அது இருசக்கர வாகனத்துக்கும் சொந்த உபயோகக் காருக்கும்தான். சரக்கு லாரி அந்த வரையறைக்குள் வராது. எவ்வளவு பழையதானாலும் சட்டத்தின் கண்ணில் லாரி லாரிதான்: 8 ஆண்டைத் தாண்டிய சரக்கு வாகனமாக ஆண்டுதோறும் தகுதிச் சான்று, காப்பீடு, வரி எல்லாம் வேண்டும். லாரிகளையும் அந்தப் பகுதியில் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்த நாட்டின் சாலைகளில் அரிசியும் சிமென்ட்டும் சுமந்தவை கார்கள் அல்ல.

உங்கள் வண்டியின் பதிவு உயிரோடு இருந்தால் அதை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். வேலை தொடங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் போய் விசாரித்து விடுங்கள். எங்களுடையது காலாவதியாகிவிட்டது. அதனால் தோட்டத்து எல்லைக்குள் மட்டும் ஓட்டுகிறோம், வெளியே கொண்டுபோனால் டிரெய்லரில் ஏற்றித்தான்.

வேலை எல்லாம் முடிந்துவிட்டதா?

ஒன்று பாக்கி. சுமைக்கு மேல் தார்ப்பாய் போர்த்திக் கயிறு கட்டும் முடிச்சு அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். அப்பாரு பக்கத்தில் கிளீனராக நின்ற நாட்களில் கற்றது. இழுத்தால் இறுகும், கயிற்றின் நுனியைச் சுண்டினால் முழுவதும் அவிழ்ந்துவிடும். ஞாயிறுதோறும் வைக்கோல் கட்டுகளை ஏற்றி, என் மகனும் மகளும் ஆளுக்கொரு பக்கமாக நின்று கட்டிப் பழகுகிறார்கள். மகளுக்கு வந்துவிட்டது. மகன் கட்டுவது இன்னும் நழுவுகிறது.